செக்கிங் டேபிளுக்கு வந்த மேற்கோள்கள்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஓனர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு வாசகம் தொங்கும். அரசுப் பேருந்தில் ஏறினால் ஒரு குறள் கண்ணில் படும். காலையில் போனைத் திறந்தால் உதிக்கும் சூரியன் படத்தின்மேல் அப்துல் கலாம் பெயரில் ஒரு பொன்மொழி வந்து நிற்கும். அதே பொன்மொழி போன வாரம் புத்தர் பெயரில் வந்திருக்கும்.

நானும் மேற்கோள் சேர்க்கிறவள்தான். தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நூல் வெட்டும் வேலையில் சேர்ந்து, இன்று ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிற வரைக்கும் ஒரு நீளமான கணக்கு நோட்டு கூடவே வந்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து பீஸ் கணக்கு, பின்பக்கத்திலிருந்து மேற்கோள். படிக்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் அதில் எழுதுவதில்லை. வேலை நேரத்தில், ஓர் ஆளுக்கு எதிரே நின்று வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் எனக்குக் கை கொடுத்த வரிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

இந்தக் கணக்கில் பிரபலமான பல வரிகள் அடிபட்டுப் போயின. "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பது கீதை இரண்டாம் அத்தியாயத்தின் 47-ஆம் சுலோகத்தைச் சுருக்கியது. போர்க்களத்தில் தடுமாறி நின்ற அர்ச்சுனனுக்குச் சொன்னது. அதையே ஓனர் சொன்னால் இந்த வருசம் சம்பளம் ஏறாது என்று அர்த்தம். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று வால்டேர் சொன்னதாகப் பேச்சுப்போட்டிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்கிறார்கள். அவர் அப்படி எழுதவில்லை. எவெலின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண் 1906-இல், வால்டேரின் மனப்போக்கை விளக்கத் தன் சொல்லில் எழுதிய வரி அது. எழுதிய பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியவில்லை, பெருமை முழுக்க வால்டேருக்குப் போய்விட்டது. எங்கள் பேக்டரியிலும் இது நடக்கும், மேலே சொல்லத் தேவையில்லை.

"மெல்லத் தமிழினிச் சாகும்" கதை இன்னும் மோசம். பாரதியே சொல்லிவிட்டார் என்று மேடையில் கண் கலங்குவார்கள். கொஞ்சம் கீழே படித்தால் "என்றந்தப் பேதை உரைத்தான்" என்று இருக்கும். ஒரு பேதை இப்படிச் சொல்லிவிட்டானே, இந்த வசை எனக்கு வரலாமா என்று தமிழ்த்தாய் தன் பிள்ளைகளிடம் கேட்கிறாள். எதிர்ப்பதற்காக எடுத்துச் சொன்ன வரியைக் கவிஞரின் தீர்ப்பாக மாற்றிவிட்டோம். இதைப் படித்த பிறகு ஒரு வழக்கம் வந்தது. எந்த மேற்கோளை எழுதினாலும் பக்கத்திலேயே யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது, அடுத்த வரி என்ன என்று எழுதிவிடுவேன். இது எதுவும் தெரியாத மேற்கோள் எவ்வளவு அழகாக இருந்தாலும் போனிலேயே இருக்கட்டும்.

அப்படித் தேடிப் படித்ததில்தான் ஒன்று புரிந்தது. மனதில் பட்டதைப் பேசுவது பற்றிய நம் பழைய வரிகள் பெரும்பாலும், எதிரே இருப்பவரின் கையை எதிர்பார்த்து நின்றவர்களின் வரிகள். புலவர் பரிசிலுக்காக வந்தவர். அமைச்சன் அரசனிடம் வேலை பார்ப்பவன். இழப்பதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது. அதனால்தான் அந்த வரிகளில் வெறும் வீரம் இல்லை. எப்போது சொல்வது, எந்த அளவு சொல்வது, கையில் என்ன வைத்துக்கொண்டு சொல்வது என்ற கணக்கும் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அந்தக் கணக்குதான் வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது 638-ஆவது குறள்.

"அறிகொன்று அறியான் எனினும் உறுதி
உழையிருந்தான் கூறல் கடன்."

அமைச்சு அதிகாரத்தில் வருவது. தானாகவும் அறியாமல், அறிந்தவர் சொல்வதையும் தள்ளிவிடுகிற அரசனாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவன் நல்லதை எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளியில் படித்தபோது இது மந்திரிமாருக்கான பாடம் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மந்திரி வேலை என்பது சரக்கு கிளம்பும் முன் பைனல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற வேலைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஐரோப்பிய பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவருக்குக் கருநீலத்தில் டி-சர்ட் ஓடிக்கொண்டிருந்தது. துணி இரண்டு டையிங் லாட்டாக, அதாவது இரண்டு தடவையாகச் சாயம் ஏற்றி வந்தது. டியூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்று. விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 போட்டாலும் ஒன்றுதான். ஐரோப்பியக் கடைகளில் போடுகிற குழல்விளக்குக்குச் சமமான டிஎல்84-ஐப் போட்டதும் ஒரு லாட் லேசாகச் சிவப்படித்தது. சாயக் கலவை கொஞ்சம் மாறியிருந்தால் இப்படித்தான், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடும். இது மட்டும் என்றால் லாட் வாரியாகப் பிரித்துத் தனித்தனி அட்டைப்பெட்டியில் போட்டு, பையரிடம் சொல்லி அனுப்பலாம். ஆனால் கட்டிங்கில் லாட் கலந்துவிட்டது. சில பீஸில் உடம்பு ஒரு லாட், கை இன்னொரு லாட்.

ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கெடு அடுத்த நாள்.

"அம்மணி, டியூப்லைட்ல பாருங்க. எங்க இருக்குது வித்தியாசம்? வாங்கறவன் லைட் பாக்ஸைத் தூக்கிட்டா கடைக்கு வரப்போறான்?"

"கடையே லைட் பாக்ஸ்தானுங்கண்ணா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வேறு ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். நான் எண்ணியதை மட்டும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த மாதிரிக் கதையில் அடுத்து பையரின் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் பிடித்துவிடுவார், ஓனர் என்னிடம் வந்து 'நீங்க சொன்னது சரி' என்பார் என்றுதான் கேட்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. சரக்கு போனது. காசு வந்தது. புகார் ஒன்றும் வரவில்லை. அந்த சீசன் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓனர், "என்ன அம்மணி, டிஎல்84 என்ன சொல்லுது?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்குக் கை கொடுத்தது இந்தக் குறள்தான். கூறல் கடன் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கேட்பான் என்றோ, கேட்காவிட்டால் கெடுவான் என்றோ, நீ சொன்னது சரியென்று உலகம் பிறகு ஒப்புக்கொள்ளும் என்றோ இங்கே ஒரு வாக்குறுதியும் இல்லை. என் பங்கு சொல்வதோடு முடிந்துவிட்டது. முடிவெடுக்கிற சுமை சொல்லப்பட்டவருக்கு. அந்தக் கோட்டை மனதில் போட்ட பிறகுதான் ராத்திரி தூக்கம் ஒழுங்காக வந்தது. தான் சொன்னது நிரூபணமாகிவிட வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள், உள்ளூர அந்தச் சரக்கு திரும்பி வரட்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். சம்பளம் கொடுக்கிற இடம் நஷ்டப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அங்கேயே வேலை பார்ப்பது உடம்புக்கு ஆகாது.

எப்படிச் சொல்வது என்பதற்கு 645.

"சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை
வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து."

நான் சொல்கிற சொல்லை இன்னொரு சொல் வந்து வீழ்த்த முடியாது என்று பார்த்துக்கொண்டு பிறகு சொல். எங்கள் தொழிலில் 'தரம் சரியில்லை' என்பது தோற்கிற சொல். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று ஓனர் சொன்ன நொடியில் அது செத்துவிடும். ஒரு ஷிப்மென்ட்டில் 3,201 முதல் 10,000 பீஸ் வரை இருந்தால், வழக்கமான முறைப்படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற அளவு) 2.5 என்றால் அந்த 200-இல் பெரிய குறை 10 பீஸ் வரை இருந்தால் பாஸ், 11 வந்தால் பெயில். '200 பார்த்தேன், 16 பீஸில் தோள் தையல் விட்டிருக்கிறது, அந்த 16-ம் இந்தப் பெட்டியில் இருக்கிறது' என்று சொன்னால், அதை வெல்ல அவர் இன்னொரு 200 எண்ண வேண்டும். யாரும் எண்ண மாட்டார்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறைவு என்று சொல்லப் போனால் கட்டரில் வெட்டிய வட்டத் துணியையும் தராசுச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன். பேச்சு என் கருத்துக்கும் அவர் கருத்துக்கும் நடுவே நடக்கிற வரை அவர்தான் ஜெயிப்பார், அவர் ஓனர். மேசைமேல் பொருள் வந்துவிட்டால் இருவரும் அந்தப் பொருளைத்தான் பார்ப்போம்.

நேரம் பார்ப்பதற்கு, மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற 70-ஆவது அதிகாரம் முழுக்கப் படிக்கலாம். அலுவலகத்தில் எப்படிப் பிழைப்பது என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பத்துக் குறள் போதும் என்பது என் எண்ணம். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்று ஆரம்பிக்கிறது. விலகியும் போகாதே, ஒட்டியும் உறவாடாதே, குளிருக்கு நெருப்பில் காய்கிறவனைப் போல இரு. ஓனர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறி, அவர் குடும்பச் சண்டையில் சமாதானம் பேசி, ரொம்ப நெருங்கிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். அவரால் துணியில் ஓட்டை இருக்கிறது என்றுகூடப் பிறகு சொல்ல முடியவில்லை. எட்டியே நின்ற இன்னொருவர் சொன்னதற்கு, அவர் யார் என்றே ஓனருக்குத் தெரியாததால், மதிப்பில்லை.

அதே அதிகாரத்தில் 696: "குறிப்பறிந்து காலங் கருதி வெறுப்பில வேண்டுப வேட்பச் சொலல்." குறிப்பறிவது என்றால் எங்கள் ஊரில் சனிக்கிழமையை அறிவது. வாரக் கூலி பட்டுவாடா ஆகிற நாள். அன்று மதியம் வரைக்கும் ஓனரின் தலைக்குள் பேங்க் கணக்கு மட்டும்தான் ஓடும். அன்று போய் டையிங்கை மாற்றுங்கள் என்றால், எவ்வளவு நியாயமான பேச்சும் செலவாகத்தான் கேட்கும். பையர் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லக்கூடாது. பையர் கிளம்பிய அன்று மாலை, டீ வந்த பிறகு, கதவு சாத்தியிருக்கும்போது சொல்லலாம். இதைக் கோழைத்தனம் என்று சில இளம்பிள்ளைகள் சொல்கிறார்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் அந்த நாலு பேருக்குத்தான் பதில் சொல்வார், எனக்குச் சொல்ல மாட்டார். எனக்கு வேண்டியது பதில்.

694-ஐ யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை. "செவிச்சொல்லும் சேர்ந்த நகையும் அவித்தொழுகல் ஆன்ற பெரியா ரகத்து." பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுப்பதையும் சேர்ந்து சிரிப்பதையும் விட்டுவிடு. வெளிநாட்டு பையர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நம்மவர்கள் இரண்டு பேர் தமிழில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். பெரும்பாலும் மதியம் என்ன சாப்பாடு என்றுதான் இருக்கும். ஆனால் மொழி தெரியாத அந்த ஆள் அடுத்த நிமிடமே இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொல்வார். எங்கள் பிரிவில் இப்போது இதற்குத் தடை. பல நூற்றாண்டுக்கு முந்தைய குறளை ஆடிட் விதியாக வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பையர் போன பிறகு.

குறள் விதி சொல்கிறது. அதைச் செய்துகாட்டியவர்கள் புறநானூற்றில் இருக்கிறார்கள்.

பாண்டியன் அறிவுடைநம்பியிடம் வரி பற்றிப் பேசப் போன பிசிராந்தையார் (184-ஆம் பாட்டு), 'நீ அதிகமாக வசூலிக்கிறாய்' என்று ஆரம்பிக்கவில்லை. யானையைப் பற்றிப் பேசினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மா என்கிற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் ஆகும். அந்த யானையே நூறு வயலில் தனியாகப் புகுந்து தின்றால் "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்." இந்த வரியை ஒரு ஓனரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவசர ஆர்டர் என்று ஒன்றரை ஷிப்ட்டை இரண்டாக்கி ஓட்டியபோது, ராத்திரி தைத்த பீஸில் பாதிக்குப் பக்கம் ஆல்டரேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரித்துத் தைக்கிற கூலி, வீணான துணி, நடுராத்திரி வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டு, மேலே இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தேன். அவர் பழைய தமிழ் படித்தவர் இல்லை. ஆனால் யானை எல்லாருக்கும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட் பாதியாகக் குறைந்தது.

அதியமானுக்காக அவ்வையார் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போனது (95) இன்னொரு வகை. அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமைப்பட, அவர் பாராட்ட ஆரம்பிக்கிறார். ஆஹா, உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் தடவி எவ்வளவு அழகாகக் காவல் மனைக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான். கேட்பவனுக்கு உறைத்தால் உறைக்கட்டும். புதிதாக வாங்கி, உறை போட்டு, பூசை செய்து, ஆடிட்டுக்கு மட்டும் திறக்கிற டெஸ்டிங் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு வரும். ஆனால் இதை நான் வெளியே சொன்னதில்லை. குத்தலாகப் பேசுவதற்கு அவ்வையாரின் தகுதி வேண்டும், கூடவே தப்பித்துப் போக அதியமானின் நாடு வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை என்பதால் நோட்டில் எழுதி வைத்ததோடு சரி.

கோவூர்கிழார் பாட்டைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். உறையூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே நெடுங்கிள்ளி, முற்றுகையிட்டு வெளியே நலங்கிள்ளி. இருவரும் சோழர். நடுவில் போய் நிற்கிறார். உன்னை எதிர்ப்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே; இருவீர் வேறல் இயற்கையும் அன்றே." யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை.

கட்டிங் மாஸ்டருக்கும் தையல் சூப்பர்வைசருக்கும் சண்டை வராத பனியன் கம்பெனி உலகத்தில் இல்லை. அளவு குறைந்தால் 'வெட்டினதே கம்மி' என்பார் இவர், 'தையல்ல உள்ளே தள்ளிட்டாங்க' என்பார் அவர். இரண்டு பேரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் தோளிலும் தொங்குவது ஒரே கம்பெனி அடையாள அட்டைதானே என்று ஒருமுறை கோவூர்கிழாரை நம் பாஷையில் சொன்னேன். "டெபிட் நோட் வந்தா கட்டிங்குன்னு போட்டு வராதுங்கண்ணா, கம்பெனி பேருக்குத்தான் வரும்." டெபிட் நோட் என்பது குறைக்காகப் பையர் காசைப் பிடித்துக்கொள்கிற சீட்டு. கொஞ்சம் அடங்கினார்கள். அடங்கிய நேரத்தில் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். வெட்டிய கட்டிலிருந்து மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் எடுத்து அளந்து, தைக்கப் போகும் முன் இரண்டு பேரும் ஒரே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கவிதை சண்டையை நிறுத்தும். திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள ஒரு சீட்டு வேண்டும்.

வெள்ளைக்குடி நாகனார் பாடியது (35) எங்கள் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். கிள்ளிவளவனிடம் சொல்கிறார்:

"மாரி பொய்ப்பினும், வாரி குன்றினும்,
இயற்கை அல்லன செயற்கையில் தோன்றினும்,
காவலர்ப் பழிக்கும் இக் கண்ணகன் ஞாலம்."

மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், மனிதர் செய்கையால் இயற்கைக்கு மாறானவை வந்தாலும் உலகம் பழிப்பது காப்பவனைத்தான். இதைப் பாடி அவர் பழைய நிலவரியைத் தள்ளுபடி செய்ய வைத்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. பேச்சுக்குப் பலன் கிடைத்ததைப் பதிவு செய்த அபூர்வமான இடம். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழே ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் அந்தத் தண்ணீர் போய், நிலமும் கிணறும் கெட்டன. ஆயக்கட்டு விவசாயிகள் பல ஆண்டுகள் சொன்னார்கள், நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எங்களுக்கெல்லாம் வேலை ஆட்டம் கண்டது. அப்போது கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த விவசாயிகள் கேட்டதும் நாகனார் கேட்டதும் ஒன்றுதான். ஒரு சொட்டுச் சாயத் தண்ணீரும் வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதியின்கீழ் இன்று பட்டறைகள் ஓடுகின்றன. அது யாரோ வாயைத் திறந்ததால் வந்தது.

மேலே பேசுவது ஒரு பாதிதான். கீழே பேசுவதில்தான் நாக்கு அதிகம் தவறும், ஏனென்றால் அங்கே நமக்குப் பயமில்லை. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்" குறளைச் சொல்லாத ஆள் கிடையாது. நான் அதைவிட "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்ற பழமொழியை நம்புகிறேன். ஒரு லைனில் எல்லா பீஸிலும் ஒரே இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால், அந்த ஓவர்லாக் மெஷின் கசிகிறது. டெய்லரைத் திட்டி என்ன ஆகும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். வேறு வேறு இடத்தில் கறை இருந்தால் தரையையும் கூடையையும் பார்க்க வேண்டும். பீஸைத் திருப்பித் தையலைக் காட்டிப் பேச வேண்டும், தைத்தது யார் என்று முதலில் கேட்கக்கூடாது. யார் என்று கேட்ட உடனே அந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பதில் சொல்வாள், மெஷினைப் பற்றி நமக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

இடிப்பாரை இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்கிற 448-ஐ என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன், எனக்காக. ஒட்டினால் மட்டும் யாரும் வந்து இடித்துவிட மாட்டார்கள். மீட்டிங்கில் 'ஏதாவது சொல்லணுமா' என்று கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். டீ நேரத்தில் தனியாக, 'நேத்து நான் சொன்னதுல எது வேலைக்கு ஆகலை?' என்று கேட்டால் ஒன்றிரண்டு வரும். வந்ததில் ஏதாவது ஒன்றையாவது அன்றைக்கே மாற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் அதுவும் வராது.

வாழ்க்கைக்கென்று நோட்டில் இருப்பது குறைவு. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்பதைக் கட்டிங் ஹாலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார் ஓர் ஓனர். அதன் கீழே நின்று ஒரு டெய்லர், "தெய்வம் கைவிட்டாலும் கூலி வந்துரும்னு போட்டிருக்குதுங்க, போன வாரக் கூலி இன்னும் வரலைங்களே" என்றார். அதற்குப் பிறகு என்னால் அந்தக் குறளை நேராக வைத்த முகத்தோடு சொல்ல முடிவதில்லை.

கணியன் பூங்குன்றனார் மட்டும் எப்போதும் இருக்கிறார். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" 2019-இல் ஐ.நா. பொதுச்சபை வரைக்கும் போய்வந்துவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறைந்த எங்கள் ஊரில் அந்த வரிக்கு வேலை அதிகம். எனக்கு அதைவிட அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரி முக்கியம்: "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." பையர் வந்தால் பல்லைக் காட்டுவதும், அவர் போனதும் செக்கிங் பிள்ளையிடம் எரிந்து விழுவதும் ஒரே நோய் என்று இது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெரியவரைப் பார்த்து வாய் பிளக்காமல் இருந்தால்தான் அவரிடம் 'இது தப்பு' என்று சொல்ல வாய் வரும்.

போன மாதம், பிரிவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு 638-இல் விரலை வைத்தாள். "சொல்றது கடமைதானுங்க்கா. சொன்னதுக்கு வேலையை விட்டுத் தூக்கிட்டா இந்த வள்ளுவர் வந்து வீட்டு வாடகை கட்டுவாரா?"

அதற்குக் குறள் இல்லை. என்னிடம் இருந்த பதிலைச் சொன்னேன். முதலில் ஓர் ஏலச்சீட்டில் சேர். மூன்று மாத வாடகையும் அரிசியும் கையில் நிற்கிற வரை பெரிய விஷயத்தில் முன்னால் போய் நிற்காதே, என்னிடம் சொல், நான் போகிறேன். பழைய கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்தவர்களின் நம்பரை அழிக்காதே. செக்கிங் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் அடுத்த தெருவிலேயே வேலை இருக்கிறது, அது ஓனருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொல்வதை எழுதித் தேதி போட்டு, ஒரு நகல் போனில் படமாக வைத்துக்கொள். ஒரு தடவை சொல், தெளிவாகச் சொல், பிறகு போய் உன் டேபிளில் வேலையைப் பார்.

சீட்டில் சேர்ந்துவிட்டாள். எனக்கு முன்னாலேயே ஏலம் எடுக்கப் பார்க்கிறாள்.